47:20 இல போறது என்ன பாட்டு?

“47:20 கேளுங்கோ. ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ.”

எங்கட வட்சப் குறூப்பில் இரவு 11 மணிக்குப் பிறகு வரும் செய்திகள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். ஒரு லிங்க், அதற்குக் கீழே ஒரு நேரம். வேறொன்றும் இருக்காது. தெரியாத ஆராவது திறந்து பார்த்தால் பஸ் நேர அட்டவணை என்றுதான் நினைப்பார்கள். நாங்கள் நாலு பேர், கலைப்பீடம், ஒரே பட்ச். இரண்டு பேர் கம்பஸுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து இருக்கிறோம், இரண்டு பேர் வீட்டிலிருந்து வந்து போகிறோம். ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் ஓடுகிற ஒரு மிக்ஸில் எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது என்று மற்ற மூன்று பேருக்கும் காட்டுவதற்கு நேரத்தைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டின் பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லலாம். தெரியாதபடியால்தான் நேரம்.

எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு விபத்தால். பொய்லர் ரூம் என்று ஒன்று இருக்கிறது. 2010 இல் லண்டனில் தொடங்கியது. ஒரு அறை, ஒரு வெப்கமரா, ஒரு டிஜே. டிஜே கமராவைப் பார்த்து நிற்பார், ஆடுகிற சனம் அவருக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 2022 இல் பிரெட் அகெய்ன் என்பவர் அங்கே வாசித்த வீடியோவை, உலகமே பார்த்து முடித்து ஓய்ந்த பிறகு, நாங்கள் ரூமில் ஒரு லப்ரொப்பைச் சுற்றி இருந்து பார்த்தோம். அந்த வருசம் நாங்கள் பெற்றோல் வரிசையிலும் கரண்ட் இல்லாத இரவுகளிலும் நின்ற ஆக்கள். லண்டனில் ஆர் என்ன வாசித்தாலும் எங்கட காதுக்கு வந்திருக்காது.

அந்த வீடியோவில் நடுவில், பின்னால் நின்று ஆடிய ஒருத்தருடைய கை தவறுதலாக மெசினில் பட்டு, பாட்டு சடாரென்று நின்றுவிடும். ஒரு கணம் அறை முழுக்க அப்படியே நிற்கும். பிறகு திரும்பத் தொடங்கும். இதைப் பார்த்து உலகம் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். ஆனால் பாட்டு நின்ற அந்தக் கணத்தில்தான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. இவ்வளவு நேரமும் ஒரு மனுசன் இதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதுவரை எங்களைப் பொறுத்தவரை டிஜே என்றால் பட்டனை அமத்திப் போட்டுக் கையைத் தூக்குகிற ஆள், அவ்வளவுதான்.

அடுத்த நாளே போனில் சும்மா கிடைக்கிற ஒரு மிக்ஸிங் அப்பை இறக்கினோம். இரண்டு பாட்டை ஒட்டுவதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. எங்கட முதல் மிக்ஸ் உழவு மாட்டையும் ஓட்டமாட்டையும் ஒரு வண்டிலில் பூட்டின மாதிரி இருந்தது.

செய்து பார்த்தால்தான் தெரியும். ஹவுஸ் பாட்டு ஒன்று நிமிசத்துக்கு ஏறத்தாழ 120 இலிருந்து 128 அடி வரை போகும், ட்ரம் அண்ட் பேஸ் 170ஐத் தாண்டும். முதலில் இரண்டு பாட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரவேண்டும். வேகம் ஒன்றானாலும் அடியும் அடியும் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும், இல்லாவிட்டால் குதிரை ஓடுகிற சத்தம் கேட்கும். அதுவும் சரி வந்தால், புதுப் பாட்டு எந்த இடத்தில் உள்ளே வரவேண்டும் என்ற கேள்வி. பாட்டுகள் நாலு நாலாக எண்ணி எட்டு எட்டாக அடுக்கிய வீடுகள். நடுச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போகேலாது, வாசலால்தான் போகவேண்டும். கடைசியாக பேஸ். இரண்டு பாட்டின் பேஸும் சேர்ந்து ஒலித்தால் சேறு. ஒன்றைக் குறைத்துக்கொண்டு மற்றதைத் திறக்கவேண்டும். இவ்வளவையும் செய்கிறபோது ஒரு காதில் ஹெட்போனுக்குள்ளே வரப்போகிற பாட்டு, மற்றக் காதில் இப்போது அறையில் ஓடுகிற பாட்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்க இரண்டு பேருக்கும் பதில் சொல்லுகிற அம்மாக்களுக்கு இது லேசாக வரும் என்று நினைக்கிறோம்.

இப்ப மெசினே வேகத்தைச் சரிசெய்து தருகிறது. முந்தி அப்படி இல்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலி 1972 இல் வந்தது. 1979 இல் வந்த அதன் அடுத்த மொடலில், பக்கத்தில் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டை இருக்கும். அதால் வேகத்தை 8 வீதம் கூட்டலாம், குறைக்கலாம். அந்தச் சின்னக் கட்டையையும் காதையும் மட்டும் நம்பித்தான் ஒரு தலைமுறை டிஜேமார் விடிய விடிய வாசித்தார்கள். சிக்காகோவில் வெயார்ஹவுஸ் என்ற இடத்தில் 1977 இலிருந்து வாசித்த பிராங்கி நக்கிள்ஸ் அவர்களில் ஒருத்தர். ஹவுஸ் என்ற பெயரே அந்த வெயார்ஹவுஸிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். அங்கே ஆட வந்தவர்கள் அநேகம் பேர் கறுப்பினத்தவர்கள், தன்பாலீர்ப்பினர், வேறு இடங்களில் வாசலிலேயே மறிக்கப்பட்டவர்கள். இந்த இசையைப் பணக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று யாராவது சொன்னால் இந்த ஒரு விசயத்தை மட்டும் ஞாபகப்படுத்துவோம்.

எங்களில் ஒருவன் இணுவில் பக்கம். தவில் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். “இரண்டு மணித்தியாலம் ஒரே மூச்சில கேக்கிறது என்ன பெரிய விசயமே? திருவிழாவில மேளக்கச்சேரிய விடிய விடியக் கேட்டுக்கொண்டு மணலில படுத்த ஆக்கள்தானே நாங்கள்” என்பான். மிக்ஸை நாங்கள் நாலு பேரும் விளங்கிக்கொண்டதில் பாதி அவனால்தான். அது பிறகு வரும்.

47:20க்கு வருவோம். அனுப்பினது எங்களில் ஒருத்தி. வீட்டிலிருந்து வருகிறவள், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவள். ரெக்னோவும் ஹவுஸுமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மிக்ஸில், 47:20 இல் திடீரென்று ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. அடி டிஸ்கோ மாதிரி. ஆனால் மேலே போகிற மெட்டு வளைந்து வளைந்து போகிறது, மெசின் வாசிக்கிற நாதஸ்வரம் போல. ஷசாம் பிடிக்கவில்லை. டிஜே வேகத்தை மாற்றியிருந்தாலோ இரண்டு பாட்டு ஒன்றின் மேல் ஒன்று போனாலோ ஷசாம் கையை விரித்துவிடும். மிக்ஸோடு இருந்த பாட்டுப் பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே ‘ஐடி’ என்று மட்டும் போட்டிருந்தது. இந்த உலகத்தில் அதன் அர்த்தம், ஆருக்கும் தெரியாது, தெரிந்தவர் சொல்லவும் மாட்டார்.

சொல்லாமல் விடுவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1950களில் ஜமேக்காவில் தெருவில் பெரிய ஸ்பீக்கர் கட்டி வாசித்த சவுண்ட் சிஸ்டம்காரர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இசைத்தட்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம். எதிராளி பெயரைப் பார்த்து அதே தட்டை வாங்கிவிடக் கூடாது. ஜமேக்காவில் பிறந்து நியூயோர்க் போன கூல் ஹேர்க், ஹிப்ஹொப்பைத் தொடக்கிவைத்தவர் என்று சொல்லப்படுகிறவர், அவரும் 1970களில் லேபிளைத் தண்ணியில் ஊறவைத்து உரித்தவர்தான். மீன்குழம்புக்கு என்ன போட்டனீங்கள் என்று கேட்டால் “சும்மா எல்லாம்தான் போட்டது” என்று சொல்லுகிற மாமிமார் எங்கட ஊரிலும் இருக்கினம். எங்களுக்குக் கோபம் வரவில்லை.

மூன்று நாள் தேடினோம். நாலாம் நாள் லைப்ரரிக்கு வெளியே இருந்து அவள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிப்பாட்டினாள். “பொறு. இது ஹிந்தோளமெல்லே?”

ஹிந்தோளத்துக்கு வடக்கே பெயர் மால்கௌன்ஸ். அந்தப் பெயரையும் சின்தசைசர் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் முதலாவதாக வந்து நின்றது சரண்ஜித் சிங். பம்பாயில் படப்பாட்டு ஓர்கெஸ்ட்ராக்களில் வாசித்த கலைஞர். 1982 இல் ரோலண்ட் கம்பனியின் மூன்று மெசின்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து ஒரு இசைத்தட்டுப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று டிபி-303. அந்த மெசினின் நெளிகிற சத்தம்தான் பிறகு அசிட் ஹவுஸ் என்று சிக்காகோவில் பெயர் எடுத்தது. அதன் முதல் தட்டு என்று சொல்லப்படுகிற பியூச்சர் குழுவின் ‘அசிட் ட்ரக்ஸ்’ வந்தது 1987 இல். ஐந்து வருசம் முந்தி, ஆரும் கேட்காமல், பம்பாயில் ஒரு மனுசன் ஏறத்தாழ அதே சத்தத்தைச் செய்து வைத்திருக்கிறார். தட்டு அப்போது பெரிதாக விற்கவில்லை. 2010 இல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகத்து டிஜேமார் தேடி ஓடினார்கள். வயது போன காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கக் கிடைத்தது. 2015 இல் இறந்துபோனார்.

அன்றைக்கு கன்ரீனில் பிளேன் ரீ குடித்துக்கொண்டு நாலு பேரும் அதை முழுக்கக் கேட்டோம். எத்தனையோ படப்பாட்டில் அந்த மனுசனுடைய கை இருந்திருக்கும், எங்கட வீட்டு ரேடியோவில்கூட. பெயர் எங்கும் கேட்டதில்லை.

அதுக்குப் பிறகு நாங்கள் மிக்ஸ் கேட்கிற விதம் மாறிப்போனது. ஒரு டிஜேயைப் பிடித்தால் அவர் ஆரைக் கேட்கிறார் என்று பார்ப்போம். பிரெட் அகெய்னிலிருந்து அவருடைய நண்பர் போர் டெட்டுக்குப் போனோம். போர் டெட் என்பது கீரன் ஹெப்டன். தாய் தென்னாபிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி. அவருடைய 2015 ஆம் ஆண்டு இசைத்தட்டில் இருபது நிமிசம் போகிற ஒரு பாட்டுக்குள் லதா மங்கேஷ்கரின் குரல் மிதந்து வரும். அங்கிருந்து தன்சானியாவின் சிங்கேலி. நிமிசத்துக்கு 200 அடியையும் தாண்டி ஓடும், முதலில் கேட்டபோது போன் பழுதாகிவிட்டது என்று நினைத்தோம். பிறகு சமா அப்துல்ஹாதி, ரமல்லாவில் 2018 இல் வாசித்த பலஸ்தீனப் பெண். அந்த ரெக்னோ செற்றை எங்களில் இரண்டு பேர் பரீட்சைக் காலம் முழுக்கக் கேட்டார்கள். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் அவரின் முதல் இசைத்தட்டுக்கு முந்தி, 2004 இல், டிப்ளோ என்ற டிஜேயோடு சேர்ந்து செய்து கையால் கொடுத்துப் பரப்பியது ஒரு மிக்ஸ் என்பது இப்போதுதான் தெரியும். சுவிஸில் வளர்ந்த பிரியா ரகுவின் பாட்டுகளுக்கு இசையமைக்கிற தமையனின் மேடைப் பெயர் ஜப்னா கோல்ட். இதைக் கண்டுபிடித்த அன்று ரூமில் ஒருவன் கட்டிலிலிருந்து எழும்பி நின்றே விட்டான்.

பெரிய மிக்ஸ்களைத்தான் கேட்கவேண்டும் என்றில்லை என்பதும் இந்த அலைச்சலில் பிடிபட்டது. பிபிசி ரேடியோ 1 இல் 1993 இலிருந்து போகிற எசென்ஷியல் மிக்ஸில் எல்லாப் பெரிய தலையும் வாசித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சில பேர் அங்கே தங்கட பெட்டியில் உள்ள திறம் நகையெல்லாத்தையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருக்கும். ஆரோ ஒருத்தர் பின்னேரம் சும்மா இருந்து செய்த ஒரு மணித்தியால மிக்ஸில் கிடைக்கிற சுகம் வேறு.

கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒருநாள் “நானும் செய்யப் போறன்” என்றாள். அப்பில் பழகத் தொடங்கினாள். எங்களைவிட அவளுக்குக் கெதியாக வந்தது. சங்கீதம் படித்த காது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அவள் ஆறு மணிக்குள் வீட்டில் நிற்கவேண்டும். இந்த இசையோ இரவின் இசை. கொழும்பில் அஸ்வஜித் என்பவர் ஜம்புடெக் என்ற பெயரில் எலக்ட்ரோனிக் இசை வெளியிடுகிறார். புறக்கோட்டைப் பக்கம் பழைய கட்டடங்களுக்குள் ‘பெட்டா இன்ரசேஞ்ச்’ என்ற நிகழ்ச்சி நடந்திருக்கிறது. எல்லாம் கொழும்பில், எல்லாம் இரவில். அவளுக்கு இரண்டும் இல்லை.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அம்மா “ஆர் பாடுறது?” என்று கேட்டாவாம். “பாடுறேல்லை அம்மா, போடுறது.” அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டது இதுதான்: “கம்பஸுக்கு அனுப்பினது சவுண்ட்காரன்ர வேலை பழகவோ?”

அவள் வந்து சொன்னபோது எங்களுக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெண்பிள்ளை எண்டபடியாத்தான், தொழிலில் ஏற்றத்தாழ்வு பார்க்கிற சனம், அது இது என்று அரை மணித்தியாலம் கத்தினோம். கத்தி முடிய இணுவில்காரன் மெல்லச் சொன்னான், “நாங்களும் ஃபெர்ஸ்ட் இயரில உதைத்தானேடா சொன்னனாங்கள்.” உண்மைதான். ஒரு நண்பனின் தங்கச்சியின் சாமத்திய வீட்டில் லைற் மிசினுக்குப் பின்னால் நின்ற அண்ணையைப் பார்த்து “கையில என்னவோ பெரிய பட்டனெல்லாம் வச்சிருக்கிறார், யூரியூப்பில ப்ளேலிஸ்ட் போட்டாக் காணும்” என்று நாங்களே பகிடி விட்டிருக்கிறோம். அவருக்குக் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒருநாள் அவள் ஒரு லிங்க் அனுப்பினாள். யங் சிங் என்ற டிஜே, 2021, பொய்லர் ரூம். லண்டன் கராஜ் அடிக்கு மேல் பஞ்சாபிப் பாட்டு. அது டேடைமர்ஸ் என்ற கூட்டு நடத்திய நிகழ்ச்சி. பிரிட்டனில் வாழுகிற தெற்காசிய இளைஞர் 2020 இல் தொடங்கியது. பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். 1980கள், 90களில் அங்கே வளர்ந்த எங்கட பக்கத்துப் பிள்ளைகளை இரவில் வெளியே விடமாட்டார்கள். அப்போ பகலில் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டு, பையில் மாற்றுடுப்போடு கிளப்புக்குப் போய், பின்னேரம் திரும்ப யூனிபோர்மோடு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவது. அந்தப் பகல் ஆட்டங்களுக்குப் பெயர் டேடைமர்.

லிங்குக்குக் கீழே அவள் நேரம் போடவில்லை. “பகலில செய்வம்” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இடம் கிடைத்தது. எங்களில் ஒருவன் ஏ.எல். மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிற ரியூசன் கொட்டில், தகரக் கூரை. ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு வகுப்பு இல்லை. ஸ்பீக்கரும் கொன்ட்ரோலரும் வேண்டும். போய் நின்றது அந்தச் சாமத்திய வீட்டு அண்ணையிடம்தான், வேறு ஆரையும் தெரியாது. அவர் அந்த சவுண்ட் சேர்விஸின் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு நிற்கிறவர். முதலாளியிடம் கதைத்து அரை நாளுக்குக் குறைந்த காசில் எடுத்துத் தந்தார். எங்களை ஞாபகம் இருந்ததா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

“ஆர் போடுறது?” என்று கேட்டார். அவளைக் காட்டினோம். “சரி, தங்கச்சி, ஒருக்காப் போடுங்கோ பாப்பம்.”

அவள் போட்டாள். நல்லாத்தான் போட்டாள். ஆனால் ஒரு பைலாவிலிருந்து ஹவுஸுக்குப் போகிற இடத்தில் இடறியது. எப்போதும் இடறுகிற இடம். நாங்கள் மாதக்கணக்காக உடைத்துக்கொண்டிருந்த பூட்டு அது. அண்ணை கிட்ட வந்தார். அவருடைய ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாது, அதால் அதைப் போடவே இல்லை. இரண்டு பாட்டையும் விட்டு ஏதோ செய்தார். பைலா எப்போது போனது, ஹவுஸ் எப்போது வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கால் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

“கையப் பாக்கக்கூடாது, தங்கச்சி. சனத்தின்ர காலப் பாக்கோணும். கால் விழுற இடம் இரண்டுக்கும் ஒண்டுதான்.”

இணுவில்காரன் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு விளங்கப்படுத்தினான். ஒரு அடியை மூன்றாகப் பிரித்தால் பைலா, பாப்பரே, எங்கட குத்து. நாலாகப் பிரித்தால் ஹவுஸ். தவிலில் திஸ்ரம், சதுஸ்ரம் என்பது. உள்ளுக்குள் பிரிவு மாறும், காலப்பிரமாணம் மாறாது. நாங்கள் இவ்வளவு நாளும் உள்ளே இருக்கிற மூன்றையும் நாலையும் பொருத்தப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணை அது இரண்டையும் விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு கடந்தார்.

எங்கே பழகினீங்கள் என்று கேட்டோம். சீடி காலத்தில், பஸ்காரருக்கு நொன்ஸ்டொப் அடித்துக் கொடுத்துப் பழகினதாம். எந்த பஸ், எந்த நொன்ஸ்டொப் என்று கேட்க, போனில் தேடி எடுத்து ஒன்றைப் போட்டார். முதல் பத்து செக்கனில் சவுண்ட் சேர்விஸின் பெயரை ஒரு ஆள் எதிரொலியோடு கத்துகிறார். பிறகு பாட்டு.

நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எங்களுக்கு அது தெரியும். பருத்தித்துறை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் கேட்ட மிக்ஸ் அது. எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்று மனப்பாடம். நெல்லியடியில் இறங்குகிறதுக்கு முன்னம் அந்தப் பாட்டு வந்தால் இன்றைக்கு நல்ல நாள் என்று பந்தயம் பிடித்திருக்கிறோம். ராகத்தைப் பிடித்து பம்பாய் வரை போய் ஒரு மனுசனின் பெயரைத் தேடி எடுத்த எங்களுக்கு, இதை ஆர் செய்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

“உங்கட பேர எங்கயும் போடேல்லையே அண்ணை?”

“முதலாளின்ர பேர்தானே போடுறது” என்றார். அது ஒரு கேள்வியா என்ற மாதிரி.

அந்த ஞாயிறு இருபது பேரளவில் வந்தார்கள். இரண்டு மணிக்குத் தொடங்கியது. தகரக் கொட்டிலுக்குள் வெக்கை தாங்கேலாது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து “வகுப்பு முடிஞ்சுதோ, என்ன பிள்ளையள் கொண்டாட்டமோ” என்று கேட்டுவிட்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டு இருந்தா. முதல் இருபது நிமிசம் ஆரும் ஆடவில்லை. பெடியள் சுவரோரம், பெட்டையள் எதிர்ச் சுவரோரம், நடுவில் வெறும் சீமெந்து. ஒருத்தன் வந்து விஜய் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டான். இன்னொருத்தன் எங்களில் ஒருவனிடம் வந்து “நல்லாப் போடுறாய் மச்சான்” என்றான். கொன்ட்ரோலருக்குப் பின்னால் அவள் நிற்கிறதைக் கண்ணால் கண்டுகொண்டே.

இடையில் ஒருக்கா அவளுடைய கை பட்டுப் பாட்டு நின்றது. நாங்கள் விறைத்துப்போய் நிற்க, அவள் சிரித்தாள், சனம் கூக்காட்டியது, திரும்பத் தொடங்கினாள். அதுக்குப் பிறகுதான் ஆடினார்கள். மால்கௌன்ஸை அவள் நடுவில் போட்டாள். அதுக்குக் கொஞ்சம் பிறகு, 31:40 இல், அண்ணையின் பஸ் நொன்ஸ்டொப்பிலிருந்து ஒரு துண்டு. பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் ஆச்சி கதிரையை விட்டு எழும்பிவிட்டா.

அவளுடைய அப்பா 5 மணிக்கே வந்துவிட்டார். 5.30க்குத்தான் வரச் சொல்லியிருந்தாள். உள்ளே வரவில்லை. மோட்டச்சைக்கிளை வேப்பமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழட்டாமல் நின்றார். போகிற வழியில் ஒன்றும் கேட்கவில்லையாம். இதுவரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்ததுக்கு விடுவாரா மாட்டாரா என்பது தெரியாது.

அன்றைக்கு வாசித்ததைப் பதிந்து வைத்திருந்தோம். பாட்டுப் பட்டியல் எழுத ஒரு கிழமை எடுத்தது. ‘ஐடி’ என்று ஒரு இடத்திலும் போடக்கூடாது என்பது எங்கட ஒரே சட்டம். 31:40க்கு நேரே அண்ணையின் பெயரை எழுதி அவருக்கு அனுப்பினோம். வேண்டாம் என்றார். முதலாளி பார்த்தால் தனியாகத் தொழில் தொடங்கப்போகிறான் என்று நினைப்பாராம். அதால்தான் இங்கேயும் அவருடைய பெயர் இல்லை. பட்டியலில் இப்போது ‘பருத்தித்துறை பஸ், ஆரம்ப வகுப்புக் காலம்’ என்று இருக்கிறது. அவள் அதை மாற்றச் சொல்லி இன்னும் சண்டை பிடிக்கிறாள். பெயரைப் போடாமல் விடுகிறதென்றால் முழுப் பட்டியலையும் எடுத்துவிடுவம் என்கிறாள். இதில் எங்களுக்குள் முடிவில்லை.

மிக்ஸை அண்ணை கேட்டாரா என்று தெரியாமல் இருந்தது. போன கிழமை ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் ஜெனரேற்றர் சத்தம், எங்கேயோ கலியாண வீட்டில் நிற்கிறார் போல.

“தங்கச்சி, நல்லாயிருக்கு. 31:40 இல மட்டும் பேஸை இரண்டு அடி பிந்தி எடுத்திட்டீங்கள். அது ஒருக்காத் திருத்துங்கோ.”

அவள் இப்ப அந்த இரண்டு அடியில்தான் நிற்கிறாள்.